பிரிவலன்ஸ் என்றால் பரவலா?

மருத்துவச் செய்தியைத் தமிழில் எழுத உட்காரும்போது இடறுகிற ஆங்கிலச் சொல் 'பிரிவலன்ஸ்' (prevalence). பலரும் 'பரவல்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம், நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்தேன்.

லத்தீனில் 'வலேரே' என்றால் வலுவோடு இருத்தல். முன்னால் 'பிரே' சேர்ந்தால் மற்றதை விட ஓங்கி நிற்பது. அது மெல்ல 'எங்கும் காணப்படுவது' ஆகி, நோய்க் கணக்கில் 'இந்தச் சமயத்தில் இந்த ஊரில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் இது இருக்கிறது' என்ற எண்ணாகிவிட்டது. 'பரவலாகக் காணப்படுகிறது' என்கிறோமே, நம் 'பரவல்' அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கொரோனா நாட்களில் 'சமூகப் பரவல்' என்று தினமும் கேட்டது வேறு, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது.

இந்தக் குழப்பம் எங்கே கடிக்கும்? கொலம்பியாவின் ஆண்டிஸ் மலையில் ஆல்தானா என்ற கிராமப் பகுதி. 1990களில் அங்கே 2 முதல் 9 வயது வரையுள்ள 684 குழந்தைகளை ஊதச் சொல்லி, மூச்சை வைத்து வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 69 சதவீதம் பேரிடம் இருந்தது. இரண்டு வயதில் 53, ஒன்பது வயதில் 87. ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்கள், சமைக்காத காய்கறி அதிகம் தின்றவர்களிடம் கூடுதல். இதைப் 'பரவல் 69 சதவீதம்' என்று எழுதினால் படிப்பவர் ஏதோ கொள்ளைநோய் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். நடந்தது அதுவல்ல. சின்ன வயதில் ஒட்டிக்கொள்ளும் இந்தக் கிருமி, மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போகாது. வருடா வருடம் கொஞ்சம் பேர் சேர்கிறார்கள், கழிகிறவர் குறைவு, அதனால் வயது ஏற ஏற எண்ணும் ஏறுகிறது.

மளிகைக்கடைக் கணக்கில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: வரவு, இருப்பு. புதிதாகத் தொற்றியவர் கணக்கு வரவு, ஆங்கிலத்தில் 'இன்சிடன்ஸ்'. இந்த நேரத்தில் கையில் உள்ளது இருப்பு, அதுதான் பிரிவலன்ஸ்.

சரி, 'நோயிருப்பு' என்று சொல்லிவிடலாமா? நீரிழிவுக்குப் பொருந்தும், இங்கே இடிக்கும். இந்தக் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இருக்காது, சிலருக்குத்தான் அல்சர், இன்னும் சிலருக்குத்தான் புற்றுநோய். ஆல்தானா இருக்கும் அதே நரினியோ மாகாணத்தில் மலையில் இருப்பவர்களுக்கும் கடலோரம் இருப்பவர்களுக்கும் கிருமி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது, இரைப்பைப் புற்றுநோயோ மலையில் பல மடங்கு அதிகம். ஆகவே இங்கே 'தொற்றிருப்பு'. 'ஆல்தானா குழந்தைகளிடம் தொற்றிருப்பு 69 சதவீதம்' என்று எழுதிப் பார்த்தேன், முதல் தடவை கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது, இரண்டாம் தடவை உறுத்தவில்லை.