சிசி குறைந்தால் வேகம் குறையுமா?

2027ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் ரேஸின் உச்சப் போட்டியான மோட்டோஜிபியில் எஞ்சினின் கொள்ளளவு 1000 சிசியில் இருந்து 850 சிசிக்கு இறங்குகிறது. திருகோணமலையில் ஞாயிற்றுக்கிழமை ஃபோனைச் சுற்றிக் குந்தியிருந்து ரேஸ் பார்க்கும் பொடியன்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அப்ப ஸ்பீட் குறையும்தானே, அண்ணா?"

சிசியை மட்டும் குறைத்திருந்தால் பெரிதாகக் குறைந்திருக்காது. அதே விதிமுறையில் இன்னொரு வரி இருக்கிறது. சிலிண்டரின் போர், அதாவது உள் விட்டம், 81 மில்லிமீற்றரில் இருந்து 75 மில்லிமீற்றராகக் குறைய வேண்டும். வேகத்துக்குக் கடிவாளம் போடுவது இந்த வரிதான். இதை விளங்கிக்கொண்டால், எஞ்சின் கம்பனிகள் அறுபது வருடமாக எதற்காக மல்லுக்கட்டுகின்றன என்பதும் விளங்கிவிடும்.

அனுராதபுரச் சந்திப் பக்கம் ஏதாவது ஒரு கராஜில் நின்று பாருங்கள். புகை தள்ளும் ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் ஒன்றின் புளொக்கைக் கழற்றியிருப்பார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார்கள். புதுப் பிஸ்டனின் தலையில் 0.50 என்று அடித்திருக்கும். 50 மில்லிமீற்றராக இருந்த சிலிண்டரின் விட்டம் 50.5 ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த விட்டம்தான் போர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஸ்ட்ரோக். ஸ்பிளெண்டருக்கு அது 49.5 மில்லிமீற்றர். சிலிண்டர் வாயின் பரப்பை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 97.2 சிசி வரும். அரை மில்லிமீற்றர் கூட்டியதும் அது 99 சிசியைத் தாண்டிவிடுகிறது.

இப்போதைய மோட்டோஜிபி எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 250 சிசி. போர் 81 என்றால் ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட 48.5 மில்லிமீற்றர். முதல் தரம் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே நம்பமுடியவில்லை. மணிக்கு 360 கிலோமீற்றர் ஓடி, கிண்ணியாப் பாலத்தின் 396 மீற்றரை நான்கு விநாடிக்குள் கடந்துவிடக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளின் பிஸ்டன், நம்மூர் ஸ்பிளெண்டரின் பிஸ்டனை விடக் கொஞ்சம் குறைந்த தூரமே ஏறி இறங்குகிறது!

வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பிஸ்டனின் அகலம். மற்றது அது போய்வரும் கதி. ஸ்பிளெண்டர் முழுப் பலத்தைக் கொடுப்பது நிமிடத்துக்குச் சுமார் 8,000 சுற்றில். மோட்டோஜிபி எஞ்சின் 18,000 சுற்றைத் தாண்டும். அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 29 மீற்றர். மேலே போய் நின்று திரும்பும் கணத்தில் அதன் மேல் விழும் முடுக்கம் புவியீர்ப்பைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு. இதற்கு மேல் போனால் பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கொன்ரொட் என்ற தண்டும், இரண்டையும் இணைக்கும் பிஸ்டன் பின்னும் தாங்காது. ஆக, பிஸ்டன் வேகத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. எந்தக் கம்பனியானாலும் அந்தக் கூரையில் தலை இடிக்கும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். 850 சிசி என்று மட்டும் சொல்லிவிட்டு, போரை 81இலேயே விட்டிருந்தால் ஸ்ட்ரோக் 41.2 மில்லிமீற்றருக்கு வந்திருக்கும். தூரம் குறைந்ததால், அதே பிஸ்டன் வேகத்தில் எஞ்சின் 21,000 சுற்றுக்கு மேல் சுற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் எரியும் கலவை 15 வீதம் குறைவு; ஆனால் சுற்று ஏறத்தாழ 18 வீதம் கூட. இரண்டையும் பெருக்கினால் பழைய பலம் அப்படியே திரும்பி வருகிறது. நடைமுறையில் உராய்வும் வால்வும் அதில் கொஞ்சத்தைத் தின்னும்தான். என்றாலும் அடிப்படை இதுதான்: பிஸ்டன் வேகத்துக்குக் கூரை இருக்கும்போது, ரேஸ் எஞ்சினின் குதிரைவலுவை முடிவுசெய்வது எல்லாப் பிஸ்டன்களின் தலைப்பரப்பும் சேர்ந்த மொத்தம். சிசி அல்ல.

இது கடதாசிக் கணக்கு மட்டும் அல்ல. 2007இல் மோட்டோஜிபி 990 சிசியில் இருந்து 800க்கு இறங்கியது. போருக்கு எந்த வரம்பும் வைக்கவில்லை. கம்பனிகள் உடனே ஸ்ட்ரோக்கைக் குறைத்துச் சுற்றைக் கூட்டின. பைக்குகள் வளைவுகளில் முன்னரை விட வேகமாகப் போகத் தொடங்கின.

அந்த வருடம் எல்லாரையும் முந்தியது டுகாட்டி. முதல் ரேஸ் கட்டாரின் லொசைல் ஓடுபாதையில். ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நேர்பாதையில் கேசி ஸ்டோனரின் டுகாட்டி கை முறுக்கியதும் பறக்க, யமஹாவில் இருந்த வாலண்டினோ ரொஸியால் பிடிக்க முடியவில்லை. ஸ்டோனர் அந்தப் பருவத்தில் 10 ரேஸ் வென்று சாம்பியன் ஆனார். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டுகாட்டியின் வால்வையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சிலிண்டருக்குள் கலவையை விடவும் புகையை வெளியேற்றவும் இருக்கும் கதவுதான் வால்வு. சாதாரண எஞ்சினில் அதைத் திறப்பது கேம் என்ற முட்டை வடிவச் சுழல்துண்டு, மூடுவது ஸ்பிரிங். 18,000 சுற்றில் ஒரு வால்வு விநாடிக்கு 150 தரம் திறந்து மூட வேண்டும். அந்தக் கதிக்கு உருக்கு ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. கேம் விலகிய பிறகும் வால்வு மிதந்துகொண்டு நிற்கும். கீழிருந்து வரும் பிஸ்டன் அதில் அடித்தால் எஞ்சின் முடிந்தது. டுகாட்டி வால்வை மூடுவதற்கும் ஒரு கேம் வைத்திருக்கிறது. டெஸ்மோ என்று சொல்வார்கள். டுகாட்டியின் எஞ்சினியர் ஃபாபியோ தாலியோனி 1956இலேயே 125 சிசி ரேஸ் பைக் ஒன்றில் இதைப் போட்டுக் காட்டியவர். மற்றக் கம்பனிகள் ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு, அதன் இடத்தில் அழுத்திய வாயுவை வைத்தன. 1980களில் ரெனோ ஃபோர்மியூலா வண்ணுக்குக் கொண்டுவந்த நுட்பம் அது. ஹொண்டாவும் யமஹாவும் அதற்கு மாறி முடிப்பதற்குள் 2007 கைநழுவிப் போய்விட்டது.

பிஸ்டன் பரப்புக்கான சண்டை அதற்கும் பழையது. 1960களின் நடுவில் ஹொண்டா வெறும் 250 சிசியை ஆறு சிலிண்டராகப் பிரித்து 18,000 சுற்றுச் சுற்றவைத்தது. சின்னச் சின்னச் சிலிண்டர்களாகப் பிரித்தாலும் மொத்தப் பரப்பு கூடும், ஸ்ட்ரோக் குறையும். பிறகு சிலிண்டர் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. 500 சிசிக்கு நான்குதான். 1979இல் ஹொண்டா அதற்கும் வழி கண்டுபிடித்தது: என்ஆர்500. பிஸ்டன் வட்டமாக இல்லாமல் இரு பக்கமும் இழுத்து நீட்டிய வடிவம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொன்ரொட், எட்டு வால்வு. எண்ணிப் பார்த்தால் நான்கு சிலிண்டர், உள்ளே எட்டுச் சிலிண்டரின் வேலை. அது ஒரு உலக சாம்பியன்ஷிப் ரேஸையும் வெல்லவில்லை. ஆனாலும் ஒரு விதியின் சொல்லைப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டே அதைத் தாண்ட முயன்ற அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

2012இல் 1000 சிசி வந்தபோது, அதிகபட்சம் நான்கு சிலிண்டர், போர் 81 என்று சேர்த்தே எழுதினார்கள். 2007 கற்றுக்கொடுத்த பாடம் அது. இப்போது 850உடன் 75 வருகிறது. கணக்கிட்டால் ஸ்ட்ரோக் 48.1 மில்லிமீற்றர், பழையதில் இருந்து கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆகவே சுற்றைக் கூட்டி இழந்ததை மீட்க வழி இல்லை. பிஸ்டன் பரப்பு 14 வீதம் குறைகிறது, பலமும் ஏறத்தாழ அந்த அளவு குறையும். என்னைக் கேட்டால், மிகச் சரியான முடிவு. இன்றைய வேகத்துக்குப் பல ஓடுபாதைகளில் வளைவுக்கு வெளியே ஓடி நிற்க இடம் போதாது. சுவரை எல்லா ஊரிலும் தள்ளிக் கட்டவும் முடியாது.

அப்புறம் எரிபொருளும் இருக்கிறது. ரேஸுக்கு 22 லீற்றர் இருந்தது, 2027இல் 20 லீற்றர். அதுவும் நிலத்தில் இருந்து தோண்டிய எண்ணெயில் ஒரு துளியும் கலக்காதது. பரப்பும் சுற்றும் பூட்டப்பட்ட பிறகு கம்பனிகளுக்கு மிஞ்சுவது, அந்த 20 லீற்றரை எவ்வளவு சுத்தமாக எரிப்பது, உராய்வில் எவ்வளவு குறைவாக இழப்பது என்ற இரண்டும்தான். டுகாட்டி, ஹொண்டா, யமஹா, கேடிஎம், அப்ரிலியா எல்லாம் இப்போது தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் உட்குழிவு வடிவத்தில்.