றொட்டில் எழுதியிருக்கும் 80 இறாத்தல் மீனின் நிறை இல்லை

நல்லூரில் கொடி ஏறினால் என் பட்டறையில் முறிந்த தூண்டில் றொட்டுகள் சேரத் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளைகளும், அவர்களைப் பார்த்துப் புதிதாக றொட் வாங்கிய மச்சான்மாரும் நெடுந்தீவு, காரைநகர், பருத்தித்துறை என்று பாரை மீனுக்குப் பொப்பர் என்கிற மிதக்கும் போலி இரையை எறியப் போவார்கள். வருடத்துக்கு ஏழெட்டு முறிந்து வந்தால் பேசாமல் திருத்திக் கொடுத்துவிடுவேன். இந்த முறை ஒரே கிழமையில் நாலு. நாலாவதைக் கொண்டுவந்த தம்பியின் புருவத்துக்கு மேலே பிளாஸ்டர். முறிந்த நுனி பறந்து வந்து கிழித்த காயம். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

துவாயில் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது டூப்ளிக்கேற் சாமான் போல. 80 இறாத்தல் எண்டு போட்டிருக்கு. மீன் 15 கிலோகூட வராது. போட்டுக்குப் பக்கத்தில வந்தாப் பிறகு தூக்கேக்கை படாரெண்டு முறிஞ்சுது."

"தூக்கினீங்களோ தம்பி?"

"ஓம். பிறகென்ன செய்யிறது?"

அந்த றொட் டூப்ளிக்கேற் இல்லை. நல்ல சாமான்.

என் தொழில் பைபர் போட் ஒட்டுவது. றொட் வேலை பிறகு வந்து சேர்ந்தது. போட் என்பது கண்ணாடி நார்த் துணியும் ரெசினும், றொட் என்பது காபன் துணியும் ரெசினும், ஆகையால் ஒன்றின் நோய் தெரிந்தவனுக்கு மற்றதன் நோயும் பிடிபடும். முறிந்து வருபவற்றில் உண்மையிலேயே செய்த இடத்துப் பிழை உள்ளது மிகக் குறைவு. மற்றதெல்லாம் பிழையான தெரிவு, அல்லது பிழையான பிடி. கடைக்காரரைத் திட்டிக்கொண்டு வருகிற எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் இறாத்தல் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது நூலின் கணக்கு. எத்தனை இறாத்தலில் அறுகிற நூலை இந்த றொட்டில் போடலாம் என்று அதைச் செய்தவன் சொல்கிறான். மீனின் நிறையும் அதுவல்ல, றொட் தூக்கும் பாரமும் அதுவல்ல. 80 இறாத்தல் என்றால் 36 கிலோ. எட்டடித் தடியின் நுனியில் 36 கிலோவைக் கட்டிவிட்டு அடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தடி முறிகிறதோ இல்லையோ, உங்கள் நாரி முறியும். ஜப்பான் றொட்டுகளில் இறாத்தலுக்குப் பதிலாகப் பீ.ஈ. 6, பீ.ஈ. 8 என்று இருக்கும். அதுவும் நூலைப் பற்றியதுதான், நூலின் பருமன். பீ.ஈ. 6 என்றால் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர், 8 என்றால் 0.47, 10 என்றால் 0.52. "எட்டாம் நம்பர் எண்டா எட்டுக் கிலோ மீனுக்கோ?" என்று கேட்டவரும் இருக்கிறார். பத்தாம் நம்பர் வாங்கினால் பெரிய மீன் வரும் என்று நினைத்து வாங்கியவரும் இருக்கிறார். அவருக்கு இன்றைக்கும் தோள்மூட்டு நோகிறதாம்.

கிணற்றில் அள்ளிக் குளித்தவர்களுக்கு இது விளங்காமல் போவதுதான் எனக்கு ஆச்சரியம். வாளி தண்ணீருக்குள் நிற்கும்வரை ஒரு விரலால் அசைக்கலாம். மேலே வந்து தண்ணீரை விட்டு விலகுகிற கணத்தில்தான் கயிறு இறுகும், கை பாரத்தை உணரும். மீனும் அப்படித்தான். தண்ணீருக்குள் அதற்கு நிறை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இழுவை மட்டும்தான் இருக்கிறது. அந்த இழுவையில் எவ்வளவு உங்கள் றொட்டுக்கு வரலாம் என்று தீர்மானிப்பது நூல் சுற்றிய றீலின் டிராக், அதாவது அதன் பிரேக். டிராக்கை 8 கிலோவில் வைத்தால், அதற்கு மேல் இழுத்ததும் சுருள் சுற்றி நூலை விட்டுக்கொடுக்கும். மறுபக்கத்தில் 10 கிலோ மீன் நின்றாலும் 40 கிலோ மீன் நின்றாலும் றொட்டுக்கு வருவது அந்த 8 கிலோதான். 2006இல் ஜப்பானின் தொகாரா தீவுகளில் பிடித்த பாரை 72.8 கிலோ. தூண்டிலில் பிடித்த, ஜீ.ரீ. என்று சுருக்கிச் சொல்கிற பெரும்பாரை இனத்துக்கு இதுவே உலகச் சாதனை. அந்த நிறையைத் தூக்கக்கூடிய எறியும் றொட் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மீன் தண்ணீரில் நிற்கும்வரைதான் றொட்டுக்கு வேலை. போட்டோரம் வந்துவிட்டால் கையுறை போட்ட கையால் வாலடியைப் பிடியுங்கள், அல்லது வலைக்கூடையால் அள்ளுங்கள். பாரையின் வாலடியில் அரம் போல முட்செதில் இருக்கும், வெறுங்கையால் பிடிக்கப் போகவேண்டாம்.

அடுத்த மயக்கம், தடி எவ்வளவு விறைப்போ அவ்வளவு பலம் என்பது. துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான கை யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் வசதி. றொட்டில் அந்த நீளமான கை மீனிடம் இருக்கிறது. அடியை இடுப்பில் ஊன்றி, 60 சென்ரிமீற்றர் மேலே ஒரு கையால் பிடிக்கிறீர்கள். வளையாத தடி, நுனி 1.8 மீற்றர் தள்ளி நிற்கிறது, நூலில் 8 கிலோ இழுவை. உங்கள் முன்கைக்கு வருவது 24 கிலோ. அதே 8 கிலோவுக்கு நன்றாக வளைந்து கொடுக்கிற றொட்டில் நுனி 1.2 மீற்றருக்குள் வந்துவிடும், கைக்கு வருவது 16 கிலோ. விறைத்த தடி மீனைக் களைக்கச் செய்வதில்லை, பிடித்திருப்பவரைக் களைக்கச் செய்கிறது. அடிப்பகுதி வரை வளைந்து, அங்கே வந்து நிற்கிற றொட்தான் வேண்டும். நுனி மட்டும் வளைந்து கீழே கட்டையாக நிற்பதும் வேண்டாம், கைப்பிடி வரை குழைவதும் வேண்டாம்.

அப்படியானால் டிராக்கைக் குறைத்து வைத்து மெல்லிய தடியால் ஆறுதலாக விளையாடலாமே என்று சிலர் கேட்பார்கள். நடுக்கடல் சூரைக்கு அது சரி வரலாம். நம்முடைய பாரை நிற்பது முருகைக்கல் பாரோரம். பாக்கு நீரிணைப் பக்கம் பல இடங்களில் பத்து மீற்றர் ஆழம்கூடக் கிடையாது. கொத்தினவுடன் அது கல்லுக்குத்தான் ஓடும், நூல் கல்லில் ஒருமுறை உரசினால் கதை முடிந்தது. முதல் பத்து விநாடிக்கு இறுக்கமான டிராக் வேண்டும். நூல் அறும் பலத்தில் மூன்றிலொரு பங்கு என்பது பொதுக் கணக்கு, 80 இறாத்தல் நூலுக்கு 12 கிலோ. அந்த 12 கிலோவை உங்களால் பிடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

அதற்குப் பட்டறையில் ஒரு வழி வைத்திருக்கிறேன். மாமரத்தடியில் ஒரு வில் தராசைக் கட்டியிருக்கிறேன். றீலைப் பூட்டி, நூலை எல்லா வளையத்துக்குள்ளாலும் விட்டுத் தராசில் கொளுவி, றொட்டை 45 பாகைக்கு மேல் உயர்த்தாமல் இழுக்கச் சொல்வேன். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். முள் 5 கிலோவைத் தொடும்போது சிரிப்பு நின்றுவிடும். 7இல் குதி எழும்பும். இரண்டு நிமிடம் ஆடாமல் எத்தனை கிலோவைப் பிடிக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் அளவு. நீங்களும் வாங்குகிற இடத்தில் கேட்டுச் செய்து பாருங்கள். விடமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள். புதிதாகத் தொடங்குகிற பெரும்பாலானோருக்குப் பீ.ஈ. 5 அல்லது 6 றொட் போதும். எட்டு, பத்தெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் வாங்கும்போது முதலில் வாசிக்க வேண்டியது லூரின், அதாவது பொப்பர் போன்ற போலி இரையின், கிராம் கணக்கு. அதை ஒருவரும் வாசிப்பதில்லை. 30 முதல் 80 கிராம் வரை என்று எழுதிய தடியில் 150 கிராம் பொப்பரை முழு வீச்சில் எறிந்தால் மீன் கொத்தும் முன்னமே முறியும். இந்தக் கிழமையின் இரண்டாவது றொட் அப்படித்தான் போனது. மறுவளமாக, 100 முதல் 180 என்று எழுதியதில் 60 கிராம் போட்டால் தடி வளையாது, லூர் காலடியில் விழும், மத்தியானத்துக்குள் தோள் கழன்றுவிடும். உங்கள் பெட்டியில் இருக்கிற லூர்களை முதலில் நிறுத்துப் பாருங்கள். அவற்றின் நிறை றொட்டின் கணக்கில் நடுவுக்குச் சற்று மேலே விழுந்தால் அந்த றொட் பொருந்தும்.

வாய் குழிந்த பொப்பரைத் தண்ணீர் சிதற இழுக்க நுனி கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். முரல் மீன் போல வழுக்கி ஓடுகிற ஸ்ரிக்பெயிற்றுக்கு நுனி இளக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் தண்ணீரை விட்டுத் துள்ளும். ஒரே றொட்டில் இரண்டையும் எறிய நினைப்பவர் இளக்கமான பக்கம் சாய்வதே நல்லது.

நீளம் எங்கே நின்று எறிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 18 அடிப் போட்டில் மூன்று பேர் நிற்கிறீர்கள் என்றால் ஏழரை முதல் எட்டேகால் அடி. அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவரின் காதில் கொக்கி கொளுவும். பருத்தித்துறைக் கல்லில் நின்று எறிகிறவருக்கு ஒன்பதரை, பத்தடி வேண்டும், அலைக்கு மேலால் நூலைப் பிடித்திருக்க அது உதவும். கனடாவில் ஆற்று மீனுக்கு வைத்திருந்ததையும், கரையில் ஈயம் கட்டி எறிகிற பன்னிரண்டடித் தடியையும் கொண்டுவந்து இதற்கு உதவுமா என்று கேட்காதீர்கள். உதவாது.

வளையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் இரட்டைக் காலில் நிற்க வேண்டும். முன்னோக்கிச் சாய்ந்த சட்டம் என்றால் இன்னும் நல்லது, சோளகத்துக்கு எதிராக எறியும்போது நூல் சுருண்டு வளையத்தில் மாட்டினால் தானாக வழுகிப் போகும். றீலுக்குப் பக்கத்து வளையம் பெரிதாக இருக்க வேண்டும், 14000 அளவு றீலுக்குச் சின்ன வளையம் போட்டால் நூல் அடித்துக்கொண்டே போகும். உங்கள் லீடரை, அதாவது லூருக்கு முன்னால் கட்டுகிற தடித்த நூலை, முடிச்சோடு கடைக்குக் கொண்டுபோய் நுனி வளையத்துக்குள்ளால் இழுத்துப் பாருங்கள். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் உருட்டுங்கள். எங்காவது பஞ்சு இழுபட்டு நின்றால் உள்ளே கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் பின்னல் நூலைச் சவரம் செய்வது போல அறுக்கும். புதுச் சாமானிலும் கண்டிருக்கிறேன்.

முறிந்த இடத்தைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். நுனியிலிருந்து ஓரடி, ஒன்றரை அடியில் நார் நாராய்ப் பிரிந்து முறிந்திருந்தால், போட்டோரம் மீனை வைத்துக்கொண்டு றொட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்திருக்கிறார். அந்த நிலையில் அடிப்பகுதி வேலையே செய்யாது, முழுப் பாரமும் மெல்லிய நுனிக்குப் போகும். முன்கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே முறிந்திருந்தால், களைத்துப்போய்க் கையைக் கைப்பிடிக்கு மேலே, வெறும் தடியில் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார். பொருத்தில் வெடித்திருந்தால் சரியாக இறுக்கவில்லை. எறிய எறிய அது கழலும், பதினைந்து இருபது எறிக்கு ஒருமுறை திருகி அழுத்துங்கள், வெளியே எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் மெழுகுதிரி தேய்த்துவிடுங்கள். நடுவில் காரணமே இல்லாமல் முறிந்தது என்பவர்களின் துண்டில் பழைய வெடிப்பு ஒன்று கிடக்கும். நங்கூரம் உருண்டு பட்டிருக்கும், அல்லது தொங்கவிட்ட பொப்பர் மோட்டர் சைக்கிளில் வரும்வழி முழுக்கத் தடியைத் தட்டிக்கொண்டு வந்திருக்கும். காபன் இழுவையைத் தாங்கும், தட்டைத் தாங்காது. லூரைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தால் என்ன குறைந்தா போவீர்கள்?

காபன் மின்சாரமும் கடத்தும். ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கினால் றொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள், மீன் நாளைக்கும் நிற்கும். மின்கம்பி போகிற வீதியோரம் பத்தடித் தடியைப் பூட்டிக்கொண்டு நடக்கவே வேண்டாம். கண்ணாடி போடுங்கள், கறுப்புக் கண்ணாடியானாலும் போதும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். தீவுப் பக்கம் போனால் அங்குள்ள சவர்த் தண்ணீரில் கழுவியதோடு விடாமல், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் துணி நனைத்து வளையக் கால்களைத் துடையுங்கள். பிள்ளைகளை எறிபவரின் பின்னால் நிற்க விடாதீர்கள், தயவுசெய்து.

முறிந்தால் இரண்டு துண்டையும் கொண்டுவாருங்கள். கோபத்தில் நுனியைக் கடலில் எறிந்துவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தம்பியின் றொட் ஓரடி மூன்று அங்குலத்தில் முறிந்திருந்தது. பிரிந்த நாரை வெட்டி, புது நுனி வளையம் வைத்து நூல் சுற்றியிருக்கிறேன், ரெசின் காய நாளை மறுநாள் ஆகும். நீளம் குறைந்ததால் நுனி விறைத்துவிட்டது, இனிப் பொப்பருக்கு மட்டும்தான் உதவும். அடியில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, "எறிய மட்டும், தூக்க இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.