கிரெடிட் கார்டு பாக்கிக்குச் சம்பள ஜப்தி: கோர்ட் எவ்வளவு பிடிக்கலாம்?

கிரெடிட் கார்டு பாக்கி எவ்வளவு இருந்தாலும், நீதிமன்றத்திலிருந்து உங்கள் நிறுவனத்துக்கு நேரடியாக உத்தரவு வராமல் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட ஜப்தி செய்ய முடியாது. வழக்கறிஞர் நோட்டீஸில் "சம்பளம் ஜப்தி செய்யப்படும்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதும், வசூல் முகவர் அலுவலகத்துக்கே போன் செய்வதும் நீதிமன்ற உத்தரவு ஆகிவிடாது. ஆனால் கார்டு கொடுத்த வங்கியிலேயே உங்கள் சம்பளக் கணக்கும் இருந்தால் கதை வேறு. கார்டு ஒப்பந்தத்தின் ஷரத்தைக் காட்டி, கணக்கில் விழுந்த பணத்தை வங்கியே பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளும். எனவே தவணை தவறத் தொடங்கியதுமே சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

நீதிமன்றமே உத்தரவிட்டாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60-இன்படி, மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 28,000 ரூபாய் சம்பளக்காரரிடம் அதிகபட்சம் 9,000 ரூபாய்தான் பிடிக்கலாம். ஆனால் அதே சம்பளம் வாங்கும் ஒருவர் என்னிடம் நீட்டிய சம்பளச் சீட்டில், "கோர்ட் ரெக்கவரி" என்ற வரிக்கு எதிரே 14,000 என்று இருந்தது. பாதி பிடிப்பதுதான் வழக்கம் என்று நிறுவனத்தின் கணக்குப் பிரிவு தானாகவே முடிவு செய்திருந்தது. நிறுவனத்தில் கேட்டால் கோர்ட்டில் கேளுங்கள் என்றார்கள். கோர்ட்டில் கேட்டால், உத்தரவு சரியாகத்தான் இருக்கிறது, கம்பெனியில் கேளுங்கள் என்றார்கள். இப்படி அலைந்தே நான்கு சம்பளம் போய்விட்டது. வாய்மொழியாகக் கேட்பதால் பயனில்லை. நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, பிரிவு 60-ஐக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். திருத்தாவிட்டால் நிறைவேற்று மனு (தீர்ப்பின்படி பணத்தை வசூலிக்க வங்கி போட்ட மனு) நடக்கும் அதே நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.

பலருக்குத் தெரியாதது 24 மாதக் கணக்கு. ஒரே தீர்ப்பாணைக்காக (பாக்கியைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் பிறப்பித்த ஆணை), இடைவெளி விட்டோ விடாமலோ, மொத்தம் 24 மாதங்கள் பிடித்துவிட்டால், பாக்கி மிச்சமிருந்தாலும் அந்தத் தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தை மறுபடி தொட முடியாது. கடன் கொடுத்த வேறொருவரின் தீர்ப்பாணை காத்திருந்தாலும், அடுத்த 12 மாதங்களுக்குச் சம்பளத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் இந்தக் கணக்கை நிறுவனமும் வைத்துக்கொள்வதில்லை, வங்கியும் வாய் திறப்பதில்லை. 25-ஆம் மாதமும் பிடித்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தி நீங்களேதான் எண்ண வேண்டும்.

தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் ஆகியோரின் கூலி முழுவதுமே ஜப்திக்கு அப்பாற்பட்டது. திறன்பெற்ற தொழிலாளியும் இதில் அடக்கம். ஆனால் நியமனக் கடிதத்தில் "சூப்பர்வைசர்" என்று ஒரு பெயரைப் போட்டிருந்தால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். நாள்முழுதும் இயந்திரத்தில் நின்று கைவேலைதான் செய்கிறீர்கள் என்றால், அதைக் காட்டும் ஷிப்ட் அட்டை, உற்பத்திப் பதிவு போன்ற சான்றுகளை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். சட்டம் தரும் இந்த விலக்குகளை விட்டுக்கொடுப்பதாக வங்கி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

இத்தனை வழியிருந்தும் பெரும்பாலோர் தோற்பது வழக்கின் தொடக்கத்திலேயே. சம்மன் பழைய முகவரிக்குப் போய்விடுகிறது, அல்லது பயத்தில் வாங்காமல் திருப்பி அனுப்பப்படுகிறது; நீங்கள் ஆஜராகாமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடுகிறது. அதை ரத்து செய்யக் கோர, தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள்தான் உண்டு. சம்மன் முறையாக உங்களிடம் சேர்க்கப்படாதிருந்தால், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். ஆகவே வங்கிக்கு முகவரி மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தேடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினால், வருமான வரம்பு தங்களுக்குப் பொருந்தாது என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுக்கலாம்.