தெப்பம் ஏன் சாய்வதில்லை?

தைப்பூசத்தை ஒட்டி ஒரு நாள், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நான்கு கரைகளிலும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். இங்கே பார்ப்பவர்கள் நிற்க, மேடைதான் நகரும். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளிய தெப்பம் காலையில் இரண்டு சுற்று, இரவில் விளக்கொளியில் ஒரு சுற்று என மைய மண்டபத்தை வலம் வரும். திருமலை நாயக்கர் 1640களில் அமைத்த குளம் இது. நீளம் ஏறத்தாழ 1,000 அடி, அகலம் 950 அடி. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்பது ஊர்வழக்கு.

கோபுரம் போல உயர்ந்த அந்த அலங்காரம் ஏன் கவிழ்வதில்லை? வீட்டிலேயே பார்த்துவிடலாம். அண்டா நீரில் வெறும் சொம்பை விடுங்கள். தள்ளாடிச் சாய்ந்து, நீர் குடித்து மூழ்கும். அதே சொம்பை ஒரு தாம்பாளத்தின் நடுவில் நிறுத்தி மிதக்கவிட்டால் அசையாமல் நிற்கும். தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக அமிழ்கிறது. அமிழ்ந்த இடத்தை நீர் கூடுதலாக மேலே தள்ளுகிறது. நிமிர்த்தும் இந்த வலு அகலத்தோடு அசுரத்தனமாக வளரும். நீளம் மாறாமல் அகலம் மட்டும் இரட்டித்தால் எட்டு மடங்கு!

இப்போது பல கோயில்களில் தெப்பத்தின் அடியில் காலிப் பீப்பாய்களைக் கட்டுகிறார்கள். 200 லிட்டர் பீப்பாய் முழுதும் அமிழ்ந்தால் 200 கிலோ நீரை விலக்கும். அதன் சொந்த எடை 20 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 180 கிலோ தாங்கும். ஒரே பெரிய தொட்டியாகச் செய்யாமல் பீப்பாய்களாகக் கட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய தொட்டியில் ஓட்டை விழுந்தால், புகுந்த நீர் முழுதும் தாழ்ந்த பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். பீப்பாய் ஒழுகினால் போவது அந்த ஒன்றின் தாங்குதிறன் மட்டுமே.

கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பவர்களுக்கு, தேர் இழுப்பது போல முக்க வேண்டியதில்லை. சக்கரமும் இல்லை, தரை உரசலும் இல்லை. அவசரப்பட்டால்தான் வம்பு: வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். சாமி ஆடி அசைந்து வருவதற்கு இயற்பியலின் சம்மதமும் இருக்கிறது.

இத்தனைக்கும் குளத்தில் நீர் வேண்டுமே. வைகை ஏமாற்றிய ஆண்டுகளில் தெப்பத்தை நிறுத்திய இடத்திலேயே வைத்து 'நிலைத் தெப்பம்' நடத்தினார்கள். மற்ற நாட்களில் அதே காய்ந்த குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.