பழைய போலந்து ஆவணத்தில் 'கிண்ணம் ஏந்துபவர்' என்று வந்தால்

பழைய போலந்து ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது பதவிப் பெயர்களில்தான். 'செஷ்னிக்' அரசருக்கு மதுக்கிண்ணம் ஏந்துபவர், 'ஸ்தோல்னிக்' பந்தி மேற்பார்ப்பவர் என்று அகராதி சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு அரண்மனைப் பணியாள் என்று எழுதிவிட்டால் ஆளே மாறிப்போவார். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மாவட்ட ஸ்தோல்னிக் என்பவர் சொந்த ஊரில் நிலபுலன் உள்ள பிரபு. பந்தி வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆயுளுக்கும் பட்டம் மட்டும்.

வெறும் பட்டத்துக்கு ஏன் அத்தனை போட்டி? பிரபுக்கள் அனைவரும் சமம் என்பது அந்நாட்டுக் கொள்கை. புதிதாகப் பெற்ற 'கவுண்ட்' போன்ற பட்டங்களை 1638இல் நாடாளுமன்றம் தடை செய்தது. பக்கத்து வீட்டுப் பிரபுவைவிட ஒரு படி மேல் என்று காட்ட மிஞ்சியது இந்தப் பதவிகள்தான்.

ஆகவே முதலில் பதவிக்குப் பின்னால் வரும் இடச்சொல்லைப் பாருங்கள். 'கொரோன்னி' (போலந்து), 'லித்தெவ்ஸ்கி' (போலந்தோடு ஒரே அரசரின் கீழ் இணைந்திருந்த லித்துவேனியா) என்றிருந்தால் அது மத்திய அரசவைப் பதவி, மதிப்பு பெரியது. ஸ்தானிஸ்வாவ் பொனியாதொவ்ஸ்கி 1755இல் லித்துவேனிய ஸ்தோல்னிக், 1764இல் அரசர். மாவட்டப் பெயர் இருந்தால் உள்ளூர்ப் பட்டம்.

அடுத்து வரிசை. 'பொத்' (சில சொற்களில் 'பொட்') என்ற முன்னொட்டு 'கீழ்' என்று பொருள்படும். ஸ்தோல்னிக்குக்குக் கீழே பொத்ஸ்தோலி என்பது சரிதான். ஆனால் போலந்து மாவட்டங்களுக்கு 1611 சட்டம் வகுத்த வரிசையில் பொட்சாஷி ('கீழ்க் கிண்ணம் ஏந்துபவர்') செஷ்னிக்கைவிட மேலே! முன்னொட்டை நம்பித் தரம் எழுதக் கூடாது.

எல்லாமே வெற்றுப் பட்டம் என்று நினைப்பதும் தவறு. பொட்கொமொஷி நில எல்லைத் தகராறுகளை விசாரித்துத் தீர்த்தவர். போலந்து மாவட்ட வரிசையில் உச்சியில் இருந்ததும் அவர்தான்.

விகுதியிலும் கவனம் தேவை. ஸ்தோல்னிகோவா மனைவி, ஸ்தோல்னிகூவ்னா மகள், ஸ்தோல்னிகோவிச் மகன். இந்த மூவரில் யாரும் பதவி வகிக்கவில்லை. கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு வம்சாவளியில் இல்லாத கிளையை ஒட்டவைப்பவர்கள் உண்டு.

இன்னொரு பொறி இழந்த நிலங்கள். ஸ்மொலென்ஸ்க், செர்னிஹிவ் பகுதிகள் 1667 உடன்படிக்கையில் ரஷ்யாவிடம் போயின. அதன் பிறகும் அவற்றின் பெயரால் பதவிகள் வழங்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் 'ஸ்மொலென்ஸ்க் செஷ்னிக்' ஒருவரின் வீட்டை ஸ்மொலென்ஸ்கில் தேடினால் கிடைக்காது.