பிள்ளைகளுக்கு சைக்கிள் குழு தொடங்குகிறீர்களா? கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பணம் அல்ல

முழங்கால் வலி என்று என்னிடம் வரும் பிள்ளை சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையாக இருந்தால், அடுத்த முறை வரும்போது சைக்கிளையும் கொண்டுவரச் சொல்வேன். பிசியோதெரபிஸ்ட் எதற்குச் சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். சீட் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, ஹேண்டிலை எட்டிப் பிடிக்க எவ்வளவு குனிய வேண்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். மாத்திரையும் ஓய்வும் கொடுத்து அனுப்பிவிட்டு, சைக்கிளை அப்படியே விட்டால் அதே வலி திரும்பி வரும்.

ஐக்கிய நாடுகள் சபை 2018-இல் ஜூன் 3-ஆம் தேதியை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. அதையொட்டிப் பல ஊர்களில் பிள்ளைகளுக்கான சைக்கிள் குழுக்கள் தொடங்கப்படுவது நல்ல விஷயம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிள் அதைச் சுலபமாகக் கொடுக்கும். ஆனால் தொடக்க நாளில் வந்த கூட்டம் சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. நின்றுபோன பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "பிடிக்கலை" என்று சொல்பவர்கள் குறைவு. "கால் வலிக்குது", "பிரேக் சரியா பிடிக்கலை, இறக்கத்துல பயமா இருக்கு", "பஞ்சர் ஆச்சு, இன்னும் ஒட்டித் தரலை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மூன்றுமே சைக்கிளின் கோளாறு. ஒரு நல்ல மெக்கானிக் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியவை.

அதனால்தான் குழு தொடங்குகிறவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பக்கத்தில் உள்ள சைக்கிள் கடைக்குப் போகும்போது ஜெர்சி, பேனர், பரிசுக் கோப்பை என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கடையின் மெக்கானிக்கை வாரத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள். பிள்ளைகள் ஓட்டப் போவதற்கு முந்தைய நாள் மாலை அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால், குழுவின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சின்னக் கடைக்கு ஜெர்சிக்குப் பணம் கொடுப்பது பாரம். கூட்டம் குறைவான ஒரு மாலையில் ஒரு மணி நேரம் கொடுப்பது முடிகிற காரியம்.

இதில் கடைக்கும் லாபம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இருபது பிள்ளைகள் வந்தால் இருபது குடும்பங்கள் கடைக்குள் வருகின்றன. ஆனால் ஒரு விதியை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். பரிசோதனையில் என்ன கோளாறு தெரிகிறதோ அதை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். அதை அந்தக் கடையில்தான் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. "இந்தப் பழைய சைக்கிளோடு குழுவுக்கு வராதே" என்ற பேச்சும் கூடாது. பழைய சைக்கிள் என்பதற்காக ஒரு பிள்ளை கூச்சப்பட்டு நின்றுவிட்டால், அந்தக் குழு யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களையே இழக்கிறது. நல்ல கடைக்காரர்கள் இதற்குத் தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்க்க வேண்டும்? என் தொழில் அனுபவத்தில் முதலிடம் சீட்டின் உயரத்துக்கு. பிள்ளையைச் சீட்டில் உட்காரவைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். புதிதாக ஓட்டக் கற்கும் பிள்ளைக்கு மட்டும் இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைக்கலாம். பயம் தெளிந்த பிறகும் அதே உயரத்தில் விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பிள்ளைகள் விஷயத்தில் இதை ஒருமுறை சரிசெய்து முடித்துவிட முடியாது. வேகமாக வளரும் பருவத்தில் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை உயரம் கூடும். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் இந்த வேகம் உச்சத்தைத் தொடும். முதலில் நீளுவது கால்கள், உடம்பு அப்புறம்தான் ஈடுகொடுக்கும். இரண்டு மாதத்துக்கு முன் பொருந்திய சீட் இப்போது தாழ்ந்திருக்கும். அதே பருவத்தில்தான் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற பிரச்சினையும் வருகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்பைப் பிடித்திருக்கும் வளர்ச்சிப் பகுதியில் இழுவை கூடி, அந்த இடம் புடைத்து, தொட்டாலே வலிக்கும். இது பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானாக அடங்கும். ஆனால் தாழ்ந்த சீட்டும், கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதும் அந்த வலியைக் கூட்டும். லேசான கியரில், பெடல் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வருகிற மாதிரி மிதிக்கப் பழக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் சீட் உயரத்தையும் பார்க்கும் வழக்கத்தைக் கடையோடு சேர்ந்து ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

சீட்டை உயர்த்தும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் குழாய் போதுமான ஆழத்தில் உள்ளே இல்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் உயர்த்த வேண்டியிருந்தால் பிள்ளைக்கு அந்தச் சைக்கிள் சின்னதாகிவிட்டது. நேர்மாறாக, "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் ஓட்டட்டும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தச் சைக்கிளில் கைப்பிடியை எட்ட முதுகு வளையும், பிரேக் லீவரை விரல்கள் முழுசாகப் பற்றாது. அவசரத்தில் இறங்கிக் கால் ஊன்றவும் முடியாது. லீவரைக் கைக்கு நெருக்கமாகக் கொண்டுவரப் பல சைக்கிள்களில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. பெற்றோர் அநேகருக்கு அது இருப்பதே தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியும்.

இப்போது சொல்லப்போவதை அவசியம் படியுங்கள். ஹேண்டில் குழாயின் இரண்டு முனைகளிலும் ஒரு மூடி இருக்க வேண்டும், அல்லது ரப்பர் கைப்பிடியே முனையை முழுசாக மூடியிருக்க வேண்டும். பல பிள்ளைகளின் சைக்கிளில் அந்த ரப்பர் கிழிந்து, குழாயின் வட்டமான உலோக விளிம்பு வெளியே தெரியும். மெதுவாகப் போகும்போது விழுந்தாலும் முன்சக்கரம் மடங்கி, ஹேண்டில் முனை வயிற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும். பிள்ளையின் மொத்த எடையும் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் விழும். வெளியே தோலில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருக்கும். உள்ளே கல்லீரலோ, மண்ணீரலோ, கணையமோ கிழிந்திருக்கலாம். பிள்ளை எழுந்து நடந்து, மீண்டும் சைக்கிளில் ஏறிக்கூட வரும். வயிற்று வலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ தொடங்கலாம். ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியது என்று தெரிந்தால், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ஹேண்டில் குத்தியது என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதைத் தடுக்க உதவும் அந்த மூடி கடையில் கிடைக்கும் மிகச் சின்னப் பொருட்களில் ஒன்று. கடைக்காரரிடம் ஏதாவது ஒன்றை இலவசமாகக் கேட்பதென்றால் ஒரு பை நிறைய அதைக் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும், அந்த அளவுக்குள் வையுங்கள். பிரேக் லீவரை இறுக்கப் பிடித்தால் அது ஹேண்டிலைத் தொடக் கூடாது. சக்கரம் லீவர் வைத்துப் பூட்டும் வகையாக இருந்தால், மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், நெற்றி தெரிகிற மாதிரிப் பின்னால் சாய்ந்திருந்தால் பயனில்லை. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

சாலைக்கு வந்தால், குழுவின் வேகத்தை முடிவு செய்வது மிக மெதுவாக ஓட்டும் பிள்ளைதான். அந்தப் பிள்ளை முன்வரிசையில் இருக்கட்டும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால், பின்னால் வருபவர் அதைப் பார்த்துப் பிரேக் பிடிப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதனால் ஒட்டிக்கொண்டு ஓட்ட விடாதீர்கள். எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும், ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். யாரையும் ஒரு பிள்ளையோடு தனியே அனுப்பாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். ஆஸ்துமா இன்ஹேலர் யாருக்குத் தேவை, ஒவ்வாமை யாருக்கு, வீட்டில் யாரை அழைப்பது என்ற விவரம் கடைசியில் வருபவரின் பையில் இருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் வளரிளம் பருவத்தில் விளையாட்டிலிருந்து விலகிவிடுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். சைக்கிளைப் பொறுத்தவரை ஒரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: சீட் வலிக்கும். முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் சீட் மென்மையான பகுதியில் அழுத்தும், அதை யாரிடமும் சொல்லத் தயங்கி அவர்கள் நின்றுவிடுகிறார்கள். குழுவில் ஒரு பெண் பயிற்சியாளர் இருந்தால் இதைப் பேச முடியும். சீட்டை மட்டமாக வைத்து, தேவைப்பட்டால் கொஞ்சம் அகலமானதாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடையின் இன்னொரு உதவி, ஒரு பழைய சைக்கிளும் ஒரு மூலையும். பிள்ளைகள் அதைக் கழற்றி மாட்டட்டும். ட்யூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கட்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதைக் கையால் திருகிப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும். வேகமாக ஓட்ட முடியாத பிள்ளைகள் சிலர் இந்த மூலையில்தான் ஒன்றிப்போகிறார்கள். குழுவில் அவர்களுக்கென்று ஒரு வேலையும் மரியாதையும் கிடைத்துவிடுகிறது. சில நாடுகளில் இப்படிப் பழைய சைக்கிளைப் பழுதுபார்க்கக் கற்று முடிக்கும் பிள்ளைக்கே அதைக் கொடுத்துவிடும் திட்டங்கள் பல காலமாக நடக்கின்றன. சைக்கிள் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை குழுவுக்குள் வர இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பழைய சைக்கிள்கள் குழுவுக்குள்ளிருந்தே வரும். பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு அளவைத் தாண்டிவிடுவார்கள், சின்னதாகிப்போன சைக்கிள் வீட்டில் துருப்பிடித்து நிற்கும். அதைக் கடையில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். பிரேக் கட்டையும் கேபிளும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, எந்த உயரமுள்ள பிள்ளைக்குப் பொருந்தும் என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும். அடுத்து சேர வரும் பிள்ளை அதன் மேல் உட்கார்ந்து பார்க்கட்டும், குதிகால் பெடலில் நேராக எட்டினால் அந்தச் சைக்கிள் அந்தப் பிள்ளைக்கு.