விமான நிறுவனத்தின் கோல்டு ஸ்டேட்டஸுக்காக டிசம்பரில் கூடுதலாகப் பறப்பவர்களுக்கு ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆலோசகராக இருக்கும் 44 வயதுக்காரர் என்னைப் பார்க்க வந்தார். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். அதற்கு முன்பே பத்து நாளாக இடது கெண்டைக்காலில் வலி இருந்திருக்கிறது. "நரம்பு இழுத்துக்கிச்சு டாக்டர். அம்மா தைலம் போட்டு நீவிவிட்டாங்க, கொஞ்சம் பரவாயில்ல" என்றார்.

பயணம் ஏதாவது போனீர்களா என்று கேட்டேன். "வழக்கமான ஆபீஸ் ட்ரிப்தான்" என்றார். நான் விடவில்லை. எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகளில் வளைகுடா வழியாக லண்டன் போய்த் திரும்பியிருக்கிறார். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீட்டில், திங்கள் காலை அலுவலகத்தில். லண்டனில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டு முறையும் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அது வேலைப் பயணம் இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"இல்லைன்னா கோல்டு கார்டு போயிடும் டாக்டர். மைல் கொஞ்சம்தான் குறைஞ்சுது" என்றார்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஆழ்சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உட்குழாயில், ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. சி.டி. எடுத்தோம். அந்தக் கட்டியிலிருந்து உடைந்த சிறு துண்டுகள் நுரையீரலுக்கும் போயிருந்தன. உள்நோயாளியாகச் சேர்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கினோம். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார், தேறினார், இப்போது நன்றாக இருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு இதே காரணத்துக்காகப் பறந்தவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். யாருமே முதல் கேள்வியில் உண்மையைச் சொல்வதில்லை.

இந்த உலகம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர்கள் பறக்கும் மைல்களைக் கணக்கு வைத்துச் சலுகை தரத் தொடங்கியது. இன்று பெரிய விமான நிறுவனங்கள் பெரும்பாலானவற்றிடமும் இப்படி ஒரு திட்டம் உண்டு. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிகள். எமிரேட்ஸில் கோல்டுக்கு ஓராண்டில் 50,000 டியர் மைல் (படியைத் தீர்மானிக்கும் மைல்) வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எலைட் கோல்டுக்கும் 12 மாதத்தில் 50,000 எலைட் மைல். அந்த எண்ணை எட்டாவிட்டால் அட்டை கீழே இறங்கிவிடும். அதனால் கணக்கு முடியும் நேரத்தில், போக வேண்டிய ஊர் எதுவும் இல்லாமல் மைலுக்காக மட்டும் டிக்கெட் போடுகிறார்கள். மைலேஜ் ரன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

இதை ஆடம்பரம் என்று நான் ஒதுக்கவில்லை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழிப்பவருக்கு, நள்ளிரவு இரண்டு மணிக்கு வேற்று நாட்டு விமான நிலையத்தில் லவுஞ்ச் என்ற ஓய்வறையில் குளித்து, சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்வது பெரிய ஆறுதல். ஊருக்கு வரும்போது சில நிறுவனங்களில் 20 கிலோ வரை கூடுதலாகக் கொண்டுவரலாம். விமானம் ரத்தானால் இவர்களைத்தான் முதலில் கவனிப்பார்கள். பல வருட அலைச்சலுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த அட்டைதான் என்று ஒருவர் என்னிடம் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த மைல்களை எடுக்கும் விதம் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

காலில் இருந்து ரத்தம் இதயத்துக்கு மேலேறுவதற்குக் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. முழங்காலை மடக்கி, இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்த, மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. தேங்கிய ரத்தம் உறையப் பார்க்கிறது. இது விமானத்தோடு பிறந்த நோயும் இல்லை. 1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளிலேயே இரவைக் கழித்தவர்களிடம் நுரையீரலில் ரத்தம் அடைத்து இறப்பது திடீரென்று அதிகமானதை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தார்கள். 1954-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் ஹோமன்ஸ் என்ற அறுவை மருத்துவர், நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்தவர்களைப் பற்றி எழுதினார். பஸ், கார், ரயில் எதுவானாலும் 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் இந்த ஆபத்து உண்டு. விமானத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமம், அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதுபோல. காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே.

சரி, இதெல்லாம் எல்லாப் பயணிகளுக்கும் பொதுதானே என்று கேட்கலாம். பொதுதான். ஒருவர் வருடத்தில் ஒருமுறை லண்டன் போய்வந்தால் அவருக்கு ஆபத்து மிகக் குறைவு, பயப்பட வேண்டியதில்லை என்றே சொல்வேன். பன்னாட்டு நிறுவனங்களின் ஊழியர்கள் சுமார் 8,700 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 4,600-க்கு ஒன்று என்ற அளவில்தான் இந்த நோய் வந்திருந்தது. ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். பயண நேரம் கூடக் கூட ஆபத்து ஏறுகிறது. குறுகிய இடைவெளியில் பல பயணங்கள் சேர்ந்தாலும் ஏறுகிறது. இறங்கிய முதல் இரண்டு வாரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது, பழைய நிலைக்கு வர எட்டு வாரம் வரை ஆகிறது.

இப்போது மைலேஜ் ரன்னை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல் பயணத்தின் ஆபத்து உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த பயணம். இறங்கி ஊர் சுற்றினாலாவது நடை இருக்கும், அதுவும் இல்லை. லவுஞ்ச் சோபா, அப்புறம் மறுபடி இருக்கை. என்னிடம் வந்தவர் இரண்டு வார இறுதிகளில் விமான இருக்கையில் மட்டும் 45 மணி நேரத்தைத் தொட்டிருந்தார். செலவைக் குறைக்க எகானமி டிக்கெட், தூங்க வசதியாக ஜன்னல் ஓரம். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் பக்கத்தில் தூங்கும் இருவரை எழுப்பச் சங்கடப்பட்டு எழுந்திருக்கவே மாட்டார். அதற்கு மேல் இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வருடம் முழுக்கப் பறந்து களைத்தவர்கள். மீட்டிங் வைக்கும் தேதி உங்கள் கையில் இல்லை. இந்தப் பயணம் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருப்பது.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உணர்வைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம், ரத்தம் ஓடும் சிரையையும் நரம்பு என்கிறோம். அதனால் கெண்டைக்காலில் வலி வந்தவுடன் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்தது தைலம், எண்ணெய், நீவிவிடுதல். சிரையில் ரத்தம் உறைந்திருக்கும் காலை அழுத்தி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அந்த அம்மா பாசத்தோடுதான் செய்தார். விஷயம் தெரிந்த பிறகு மருத்துவமனை வராந்தாவில் அவர் அழுதது இன்னும் என் மனதில் இருக்கிறது. அவர்மேல் தவறே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஒரு காலில் மட்டும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், தொட்டால் சூடு, அதுவும் நீண்ட பயணத்துக்குப் பிறகு வந்தது என்றால் அந்தக் காலை யாரும் நீவ வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை, நீர்க்கட்டிக்காகத் தரும் ஹார்மோன் மாத்திரை இரண்டிலும் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது ரத்தம் உறையும் ஆபத்தை மூன்று நான்கு மடங்கு ஏற்றுகிறது. இவற்றைச் சாப்பிடுகிறோம் என்பது பலருக்கு நினைவாவது இருக்கும். ஆனால் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதற்காகத் தீட்டைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேராக வாங்கிச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாளுக்கு மூன்று வேளை சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நீண்ட பயணத்தின்போது அந்த மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. கர்ப்பிணிகள், பிரசவம் முடிந்து சில வாரமே ஆனவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், முன்பே ஒருமுறை ரத்தம் உறைந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்திருப்பவர்கள், இவர்கள் யாரும் மைலுக்காகப் பறக்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒரு எகோஸ்பிரின் போட்டுக்கிறேன்" என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அது ஆஸ்பிரின்தான். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் தமனியில் வரும் அடைப்புக்கு உதவும் மருந்து. பயணத்தில் சிரையில் உறைவதைத் தடுக்க அதைச் சாப்பிடும்படி வழிகாட்டு நெறிகள் சொல்வதில்லை. வயிற்றில் ரத்தக் கசிவைத்தான் விலைக்கு வாங்குவீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நடக்காமல் இருந்தால் பிரயோசனமில்லை. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், லவுஞ்சில் மது இலவசம் என்று குடித்துவிட்டு ஏறவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு கோணலாக மடங்கியபடி ஆறு மணி நேரம் மரக்கட்டை மாதிரி கிடக்கும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றரை நாளில் மேற்கே போய்க் கிழக்கே திரும்பினால் எந்த நேரத்துக்கு எந்த வேளை என்பதே குழம்பிவிடும். இரவு ஊசியை இரண்டு முறை போட்டுக்கொண்டு, இடைவழி விமான நிலையத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடியவரை எனக்குத் தெரியும். நல்லவேளையாக, சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருந்தார்.

போயே ஆக வேண்டிய நீண்ட பயணம் என்றால் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்கி, பாதத்தை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். காலுக்குக் கீழே பையை வைத்து இடத்தை அடைக்காதீர்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழ் வரை போடும் மருத்துவ அழுத்தக் காலுறை உதவும். அளவெடுத்து வாங்க வேண்டும், சாதாரண இறுக்கமான சாக்ஸ் அந்த வேலையைச் செய்யாது. சர்க்கரையால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைப் போடக் கூடாது.

விமான நிறுவனங்களும் விதிகளை மாற்றிவருகின்றன. 2024 முதல் டெல்டாவிலும், 2025 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் எவ்வளவு தூரம் பறந்தீர்கள் என்பதைவிட எவ்வளவு பணம் செலவழித்தீர்கள் என்பதே படியைத் தீர்மானிக்கிறது. மலிவு டிக்கெட்டில் தூரமாகச் சுற்றும் பழைய வழிக்கு அங்கெல்லாம் பலன் போய்விட்டது. தூரத்தை இன்னும் எண்ணும் திட்டங்களிலும் மலிவான டிக்கெட் வகைக்குப் பாதி மைல்தான் கிடைக்கலாம். அது தெரியாமல் போய்வந்து, எண் போதவில்லை என்று மறுபடி டிக்கெட் போட்டவர்கள் உண்டு. கோல்டு இறங்கினாலும் சில நிறுவனங்கள் நேராக அடிப்படைக்குத் தள்ளாமல் ஒரு படி மட்டும் கீழே வைக்கும். உடல்நிலை காரணமாகவோ மகப்பேறு காரணமாகவோ பறக்க முடியவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். லவுஞ்ச் மட்டும்தான் தேவை என்றால் அதற்குத் தனியாகப் பணம் கட்டியோ, அந்த வசதி உள்ள கிரெடிட் கார்டைக் காட்டியோ உள்ளே போகலாம். நான் சொன்னவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் மூன்று வருடம் லவுஞ்சுக்குப் பணம் கட்டியிருக்கலாம் என்றார்.

குணமாகும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, மறுபடி எப்போது பறக்கலாம் என்பதுதான். நான்கு வாரமாவது பொறுக்கச் சொன்னேன். அதன் பிறகும் மாத்திரையை நிறுத்தாமல், நான் பார்த்துச் சொன்ன பிறகே கிளம்ப வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டார். அந்த வருடம் அவருடைய அட்டை சில்வருக்கு இறங்கியது.

இதைப் படிக்கும் யாராவது கடந்த எட்டு வாரத்துக்குள் நீண்ட பயணம் போயிருந்து, திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயக்கமாக வந்தால், காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பயணத்தைப் பற்றிக் கேட்டால் எதற்காகப் போனீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை, யாரும் உங்களை எடைபோட மாட்டோம். போன தேதியும் பறந்த மணி நேரமும் போதும். சொல்லக் கூச்சமாக இருந்தால் கைப்பேசியில் உள்ள போர்டிங் பாஸை எடுத்துக் காட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.